பதினாலு பொய்

ஐரீனின் பல்வரிசையைப் பற்றி அந்த ராயபுரத்துத் தெருவில் மாற்றுக் கருத்தே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சர்ச் வாசலில் நின்று பேசுகிற பெண்கள், பேச்சை நடுவில் விட்டுவிட்டு அவள் வாயையே பார்ப்பார்கள். அவள் மாமியார் சிலுவையம்மாளுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. "என் சின்ன மருமவ பல்லைப் பாத்தியா? முத்து கோத்த மாறி கீது. பொண்ணு பாக்கப் போன அன்னிக்கு நான் மூக்கு முழியெல்லாம் பாக்கல. பல்லைத்தான் பாத்தேன்" என்று கல்மண்டபம் மார்க்கெட்டில் மீன் பேரம் பேசுகிற இடத்தில்கூடச் சொல்லுவாள்.

அந்த மேல்வரிசையில் ஒரு பல்கூட ஐரீனுடையது இல்லை. எல்லாம் பிராட்வேயில் ஒரு சீனாக்காரர் செய்து கொடுத்தது.

கல்யாணத்துக்கு முன்னால், திருவொற்றியூரில் அப்பா வீட்டில் இருந்தபோது, அவளுக்கு மூட்டுவலியும் காய்ச்சலும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. பார்த்த டாக்டர் ஈறை அழுத்திப் பார்த்தார். பயோரியா, ஈறில் சீழ், விஷமெல்லாம் இங்கேயிருந்துதான் உடம்புக்குள் இறங்குகிறது, மேல் பல் முழுவதையும் எடுத்துவிட வேண்டும் என்றார். அந்தக் காலத்து டாக்டர்களுக்கு அப்படி ஒரு பைத்தியம். முழங்கால் வலிக்கிறது என்று போனாலும் வாயைத் திற என்பார்கள். எடுத்தார்கள். மூட்டுவலி போனதோ என்னவோ, கல்யாண வயசில் ஒரு பெண் பொக்கை வாயோடு மூலையில் உட்கார்ந்து அழுதாள். தீப்பெட்டி பாக்டரியில் மேஸ்திரியாக இருந்த அப்பா அவளை பிராட்வேக்கு அழைத்துப் போய் முழு செட்டு கட்டிக்கொண்டு வந்தார். மேலண்ணம் முழுவதையும் மூடுகிற செங்கல் நிற ரப்பர் தகடு, அதன் விளிம்பில் பதினாலு பீங்கான் பல். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று வேளாங்கண்ணி மாதா படத்துக்கு முன்னால் அம்மா அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

கட்டின புருஷனுக்குக்கூடவா தெரியாது என்று கேட்பீர்கள். தெரியாது. அருள்நாதன் ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவன். அத்தனை உயரத்தில் உட்கார்ந்துகொண்டு, கீழே கப்பல் தட்டில் ஒரு மூட்டையின் முடிச்சு தளர்ந்திருந்தால் கண்டுபிடித்துவிடுவான். பக்கத்தில் இருப்பதுதான் அவன் கண்ணுக்குத் தெரியாது. ஐரீன் செட்டோடுதான் தூங்குவாள். எல்லோருக்கும் முன்னால் எழுந்து, ஓலை மறைப்புக்குள் போய், கழற்றித் தேய்த்துக் கழுவி மாட்டிக்கொண்டு வருவாள். ஈறு புண்ணானால் உப்புத் தண்ணீர். முறுக்கு, கரும்பு, கருவாட்டுத் தலை எதையும் தொடமாட்டாள். கேட்டால் மாதாவுக்கு நேர்ச்சை என்பாள்.

பக்திக்காரி என்ற பெயரும் அவளுக்கு அப்படித்தான் வந்தது. பூசையில் சாமியார் நாக்கில் வைக்கிற ஒஸ்தி அப்பத்தைப் பல்லில் படாமல் விழுங்க வேண்டும், விரலால் தொட்டால் மகா பாவம் என்று சின்ன வயசிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஐரீனுக்கு அது நேராகப் போய் ரப்பர் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். நாக்கு நுனியால் சுரண்டிச் சுரண்டி அதை இறக்குவதற்குள் பூசையே முடிந்து மெழுகுவர்த்தியை அணைக்க ஆள் வந்துவிடுவார். அதுவரைக்கும் கண்ணை மூடி, தலையைக் குனிந்து, முழங்காலில் நிற்பாள். "எத்தினி பக்தி பாத்தியா" என்று சிலுவையம்மாள் பக்கத்தில் இருப்பவளை முழங்கையால் இடிப்பாள். ஐரீன் கூசிப்போவாள். அந்தக் கூச்சத்தையும் அடக்கம் என்று புகழ்ந்தார்கள்.

இவ்வளவோடு நின்றிருந்தால் அவள் பாடு, அவள் செட்டின் பாடு என்று விட்டுவிடலாம். ஆனால் அந்த வீட்டில் இன்னொரு மருமகள் இருந்தாள்.

மூத்தவன் சவரிமுத்துவின் பெண்டாட்டி தங்கபுஷ்பம். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். சவரிமுத்து கப்பலில் வேலை செய்தான், வருஷத்துக்கு ஒரு தடவை வருவான். தங்கபுஷ்பத்துக்கு முன்பல் நாலும் எடுப்பாக, கீழுதட்டின் மேல் வந்து உட்கார்ந்திருக்கும். மற்றபடி இரும்புப் பல். கரும்பைக் கத்தியில்லாமல் உரித்துப்போடுவாள். புதுப்பெண்ணாக ஐரீன் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, மீனில் முள்ளில்லாத துண்டை அவள் தட்டில் ஒதுக்கி வைத்தவள் அவள்தான். மெல்லச் சிரமப்படுகிறாள் என்பதை அவள் மட்டும் கவனித்திருந்தாள். காரணத்தை மட்டும் பட்டணத்துப் பெண்ணின் நாசூக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

சிலுவையம்மாளுக்குப் பெரிய மருமகளைக் கண்டாலே வாய் சும்மா இருக்காது. "தேங்கா துருவணுமா? துருவி இன்னாத்துக்கு? பெரியவளைக் கூப்புடு" என்பாள். தங்கபுஷ்பம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தானும் சிரிப்பாள். கிழவி அதோடு விடமாட்டாள். "சவரி ஏன் வருசத்துக்கு ஒருக்கா வரான்னு நென்ச்ச? கண்ணைத் தொறந்தா இந்தப் பல்லு எதுக்கால நின்னா எவன் வருவான்? சின்னவனைப் பாரு. ஷிப்டு வுட்டா நேரா வூடுதான். ஏன்? அவன் பொண்டாட்டி சிரிச்சா லட்சுமி கணக்கா கீது." கிறிஸ்துவ வீட்டில் லட்சுமி எங்கிருந்து வந்தாள் என்று அவளிடம் யார் கேட்பது?

ஒவ்வொரு தடவையும் ஐரீனின் பல்லை எடுத்துத்தான் தங்கபுஷ்பத்தை அடித்தாள் அந்தக் கிழவி. சொந்தமாக முளைத்த பல்லை, கடையில் செய்த பல்லால். ஐரீன் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். காது சுடும். ஒரு தடவையாவது 'அத்தே, சும்மா இருங்க' என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் எல்லோரும் தன் வாயைப் பார்ப்பார்களே என்று சொல்லவில்லை.

பட்டணத்தில் ட்ராம் நின்றுபோவதற்கு முந்தின வருஷம், ஆவணி மாசம். இரண்டு பேரும் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். தங்கபுஷ்பம் குரலைத் தாழ்த்தி, "ஐரீனு, நான் முன்பல்லு நாலையும் எடுத்துட்டுப் புதுசு வைக்கப் போறேன்" என்றாள்.

ஐரீன் கையில் முறம் அப்படியே நின்றது.

"அத்தேகிட்டயும் கேட்டாச்சு. இப்பவாவது புத்தி வந்துச்சேன்னாங்க. கிறிஸ்மஸுக்கு அவுக வாராக. எடுத்தா ஈறு ஆறதுக்கு மூணு மாசம் ஆவுமாம். அதுக்கப்புறம் அளவு எடுத்துப் பல்லு வைப்பாகளாம். மாதா திருநாள் முடிஞ்ச கையோட எடுத்துட்டா சரியா இருக்கும்."

"எங்க எடுக்கப் போற?"

"பிராட்வேயில சீனாக்காரர் ஒருத்தர் இருக்காருல்லா. மாடிப்படி ஏறணும். கீழ கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெறும் பல்லு மட்டும் சிரிச்சிக்கிட்டு இருக்கு. போய் விசாரிச்சிட்டும் வந்துட்டேன்." போன வாரம் மருந்து வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனது அதற்குத்தான். அவள் உற்சாகமாக விரல் மடக்கிச் சொல்ல ஆரம்பித்தாள். "எம்புட்டு வகை இருக்குன்னு தெரியுமாட்டி? ஒண்ணு ரெண்டு பல்லு போச்சுன்னா பாலம் மாதிரி கட்டுவாகளாம். ரெண்டு பக்கத்துப் பல்லையும் ராவி, அதுக்குத் தங்கத்துல தொப்பி போட்டு, நடுவுல புதுப் பல்லைத் தொங்கவிடுவாகளாம். கழட்டவே வேண்டாமாம். எனக்கு நாலு பல்லுங்கதால அது சரிப்படாதாம். சின்னத் தகடு, அதுல நாலு பல்லு, பக்கத்துப் பல்லுல கம்பியை மாட்டிக்கிடணும். ராத்திரி கழட்டித் தண்ணியில போட்டுறணும். இப்ப ரப்பர் இல்லையாம், பிளாஸ்டிக்காம், ஈறு நிறத்துலயே வருதாம்."

"ஓ" என்றாள் ஐரீன்.

"ஒரு பல்லுகூட இல்லாதவுகளுக்குத்தான் முழு செட்டு. அதுல கம்பியே கிடையாதாம். சும்மா மேல ஒட்டிக்கிட்டு நிக்குமாம். எப்படிட்டி நிக்கும்? பாவம், அதெல்லாம் கிழவிகளுக்கு."

எப்படி நிற்கும் என்று ஐரீனுக்குத் தெரியும். ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகள் ஒட்டிக்கொள்கிற மாதிரி எச்சில் ஈரத்தில் நிற்கும். தும்மினால் கழன்றுவிடும். இதைச் சொல்லியிருந்தால் போதும், கதை அங்கேயே முடிந்திருக்கும். "எனக்கு என்ன தெரியும் அக்கா" என்றாள் அவள். சொல்லும்போதே நாக்கு போய் ரப்பர் தகட்டைத் தொட்டது. எனக்கே வெட்கமாக இருக்கிறது, அவளுக்கு இருக்காதா?

"நீயும் கூட வாரியா? எனக்குத் தனியாப் போக பயமாருக்கு" என்றாள் தங்கபுஷ்பம்.

வருகிறேன் என்று ஒப்புக்கொண்டாள் ஐரீன். வேறு என்ன சொல்வது? நல்ல பல், சொத்தை விழாத பல், தன்னைப் பார்த்துத்தான் பிடுங்கப் போகிறாள். சொன்னால் பிழைக்கும். சொன்னால் தன் மானம் போகும். கல்யாணம் ஏமாற்றிச் செய்தது என்று கிழவி தெருவையே கூட்டிவிடுவாள், திருவொற்றியூருக்கு நடந்து போய் அப்பாவைச் சட்டையைப் பிடித்துக் கேட்பாள். அருள்நாதன் என்ன சொல்வானோ. அவளால் தானாகத் தீர்மானிக்க முடியவில்லை. யாராவது கழுத்தைப் பிடித்துத் தள்ளி, போய்ச் சொல் என்று சொன்னால் சொல்லிவிடலாம் போலிருந்தது. அப்படித் தள்ளக்கூடியவர் சாமியார் ஒருவர்தான்.

மாதா பிறந்த திருநாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் எல்லோரும் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார்கள். சாமியார் பிரெஞ்சுக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் புஸ்தகத் தமிழ். காது கொஞ்சம் மந்தம். அவரிடம் ராயபுரத்துத் தமிழ் செல்லாது என்று ஐரீனுக்குத் தெரியும். செட்டு என்றால் அவருக்கு என்ன புரியும்? ஆகவே வழியெல்லாம் வார்த்தையை யோசித்து, 'பொய்ப்பல்லு' என்று பிடித்து, அந்தப் 'பல்லு'வையும் மரியாதையாகப் 'பல்' என்று திருத்தி வைத்துக்கொண்டாள். அங்கேதான் வினை.

சாமியார் உட்கார்ந்திருந்த மரக்கூண்டுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு, சிலுவை அடையாளம் போட்டு, சின்னச் சின்னப் பாவங்களையெல்லாம் முதலில் சொல்லி முடித்தாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, "சாமி, என்னிடம் பொய்ப் பல் இருக்கிறது" என்றாள்.

உள்ளே ஒரு பெருமூச்சு கேட்டது. "பொய் பல இருக்கின்றனவா? எத்தனை, மகளே?"

"பதினாலு, சாமி."

"பதினான்கா! யாரிடம்?"

"பிராட்வேயில், ஒரு சீனாக்காரரிடம், சாமி."

"பதினான்கும் ஒருவரிடமேயா?"

"ஆமாம், சாமி. ஒரே தடவையில்."

சாமியார் வருத்தத்தோடு, "மகளே, அவர் நம் வேதத்தில் இல்லாதவர் என்பதற்காக அவரிடம் பொய் சொல்லலாம் என்று எண்ணலாகாது. அவரும் சர்வேசுரனுடைய பிள்ளைதான்" என்றார்.

அப்போதுதான் ஐரீனுக்கு உறைத்தது. சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இல்லை சாமி, பல், வாயில் இருக்கிற பல், என்று சொல்ல வாயெடுத்தாள். அந்தக் காதுக்கு எட்டுகிற மாதிரி சொல்ல வேண்டுமானால் கத்திச் சொல்ல வேண்டும். பின்னால் வரிசையில் முதல் ஆளாக நின்றது சிலுவையம்மாள். ஐரீன் வாயை மூடிக்கொண்டாள்.

சாமியார் பொய்க்கு ஒன்றாகப் பதினாலு பிரியதத்த மந்திரம் சொல்லச் சொல்லி, மன்னிப்பும் கொடுத்து, சமாதானமாய்ப் போ என்று அனுப்பிவிட்டார்.

ஐரீன் தூணோரமாக முழங்கால் போட்டு அத்தனையையும் சொன்னாள். சொல்லச் சொல்ல ஒரு நிம்மதி வந்தது. பொய் என்றுதானே சொன்னேன், பதினாலு என்றும் சொன்னேன், சர்வேசுரனுக்குத் தெரியாதா நான் எதைச் சொன்னேன் என்று, சாமியாருக்குப் புரியாவிட்டால் அது என் குற்றமா? இப்படியெல்லாம் தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடினாள். கடவுளிடமும் அந்தச் செட்டைக் காட்டிச் சிரித்துவிட்டு வந்திருக்கிறோம் என்பதும் தெரிந்தது. தெரிந்தும் எழுந்து, முட்டியைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

திருநாள் முடிந்து இரண்டு நாள் கழித்து, காலையில் ட்ராம் ஏறினார்கள். தங்கபுஷ்பம் நல்ல சேலை கட்டியிருந்தாள், கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. ஐரீன் ஜன்னலோரம் உட்கார்ந்து, "அக்கா, ரொம்ப வலிக்கும்" என்றாள்.

"ஒரு நாள் வலிதானட்டி. அத்தே நாக்கு தெனமும்லா வலிக்கு."

"உனக்கு இந்தப் பல்லே நல்லாத்தான் கீது அக்கா. சத்தியமா."

தங்கபுஷ்பம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "நீ சொல்லுவ. வாய் நெறைய முத்து வச்சிருக்கவ."

ஐரீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சொல்லிவிடுகிறேன், அடுத்த நிறுத்தத்தில் சொல்லிவிடுகிறேன் என்று ஒவ்வொரு நிறுத்தமாகப் போய்க்கொண்டிருந்தது. பிராட்வேயும் வந்தது. கண்ணாடிப் பெட்டியில் பற்கள் சிரித்துக்கொண்டிருந்தன. படிக்கட்டுக்கு அடியில் ஐரீன் நின்றுவிட்டாள்.

"நீ போ அக்கா. எனக்கு ரத்தம் பாத்தா மயக்கம் வரும்."

"உள்ள வந்து கையை மட்டும் புடிச்சிக்கிட மாட்டியா?" தங்கபுஷ்பத்தின் கை சில்லென்றிருந்தது.

"என்னால முடியாது அக்கா."

தங்கபுஷ்பம் கோபித்துக்கொள்ளவில்லை. சரி, நீ வெயில்ல நிக்காத என்று சொல்லிவிட்டு மரப்படியில் ஏறிப் போனாள்.

மேலே போனால் சீனாக்காரர் அடையாளம் கண்டுகொள்வார். அந்தப் பயம் ஒன்றுதான், வேறு எந்த மயக்கமும் இல்லை. கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மனசு கேட்காமல் பாதிப் படி வரைக்கும் ஏறினாள். கதவு திறந்துதான் இருந்தது. குரல் நன்றாகக் கேட்டது.

"நல்ல பல்லும்மா இது" என்றார் சீனாக்காரர். பட்டணத்திலேயே வளர்ந்தவர், தமிழ் தண்ணீர் பட்ட பாடு. "ஒரு சொத்தை கெடையாது. வேரு செம ஸ்ட்ராங்கா கீது. அன்னிக்கே சொன்னேன், இன்னொரு வாட்டியும் கேக்குறேன். எடுக்கத்தான் வேணுமா?"

தங்கபுஷ்பம், "எடுங்க" என்றாள்.

இப்போது ஒரே ஒரு வார்த்தை, அக்கா என்று ஒரு கூப்பாடு போட்டிருந்தால் போதும். ஐரீன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊசி போட்டார்கள் போலிருக்கிறது. மரத்துப்போக வேண்டுமே, அதற்குக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். அவ்வளவு நேரமும் நின்றாள். பிறகு நாற்காலி கிறீச்சிட்டது. தங்கபுஷ்பம் முனகினாள். எனாமல் கிண்ணத்தில் டங்கென்று ஒரு சத்தம்.

ஒன்றுதான் போயிருக்கிறது, மூன்று மிச்சம் இருக்கிறது, இப்போதாவது போ என்று அவள் மனசே அவளைப் பிடித்து உலுக்கியது. ஆனால் இப்போது போய்ச் சொன்னால், அந்த முதல் பல் போகும்போது நீ எங்கே இருந்தாய் என்ற கேள்வி வரும். கீழே நின்றிருந்தேன் என்று சொல்ல வேண்டும். முதலில் ஒரு வெட்கம்தான் இருந்தது, இப்போது இரண்டு. இரண்டாவது டங் கேட்டபோது மூன்றாகிவிட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் சொல்ல வேண்டியது கூடிக்கொண்டே போயிற்று, சொல்லுகிற தைரியம் குறைந்துகொண்டே வந்தது. நாலாவது சத்தம் கேட்டதும் அவளுக்கு வந்தது என்ன தெரியுமா? அப்பாடா என்ற ஒரு நிம்மதி. இனிமேல் தீர்மானிக்க ஒன்றும் இல்லையே. அந்த நிம்மதியை நினைத்துத்தான் பின்னால் அவள் அதிகமாக வெட்கப்பட்டாள்.

தங்கபுஷ்பம் வெளியே வந்தாள். வாய் நிறையப் பஞ்சு. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஐரீனைப் படியில் பார்த்ததும் கண்ணாலேயே சிரித்தாள். கையில் சின்னக் காகிதப் பொட்டலம், அதில் அவளுடைய நாலு பல். பின்னாலேயே சீனாக்காரர், சூடாக எதுவும் சாப்பிடாதே, நாளைக்கு உப்புத் தண்ணியில் கொப்பளி என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஐரீன் முகத்தைத் திருப்புவதற்குள் பார்த்துவிட்டார்.

"அட, திருவொத்தியூர் பொண்ணு! மேஸ்திரி பொண்ணு தான நீ? மேல் செட்டு எப்படி கீது? ஆடுதா? உள்ள வா, பாத்துத் தரேன்."

மனுஷர் நல்ல மனுஷர். தன் கைவேலையைக் கண்ட சந்தோஷம் அவருக்கு. அழுத கண்ணோடு நிற்கிற தங்கபுஷ்பத்துக்குத் தைரியம் சொல்வதாக நினைத்து, அவள் பக்கம் திரும்பினார். "நீ ஏம்மா பயப்படுற? இந்தப் பொண்ணைப் பாரு. மேல ஒரு பல்லுகூட சொந்தம் கெடையாது. மொத்தமும் நான் போட்டது. யார்னா கண்டுபுடிக்க முடியுமா? உனக்கும் இதே மாறி அழகா வரும்."

தங்கபுஷ்பம் ஐரீனின் வாயைப் பார்த்தாள். பிறகு அவள் கண்ணைப் பார்த்தாள். மறுபடியும் வாயைப் பார்த்தாள். பஞ்சு அடைத்த வாயால் என்ன பேச முடியும்? ஐரீனுக்கு அந்தப் படிக்கட்டோடு உளுத்து உதிர்ந்துவிடலாம் போலிருந்தது.

ட்ராமில் ஐரீன் அழுதாள். "அக்கா, என்னை அடி. நாலு பேர் பாக்க அடி" என்றாள். தங்கபுஷ்பம் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பொட்டலத்தை மட்டும் விடவில்லை.

வீட்டு வாசலிலேயே சிலுவையம்மாள் காத்திருந்தாள். "வா வா. காட்டு. அய்ய, பஞ்சு வச்சிருக்கசொல்லவே மூஞ்சி நல்லா கீதே. இரு, பக்கத்து வூட்டுப் புஷ்பவல்லியைக் கூட்டாறேன், அவளும் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

சமையலறையில் இரண்டு பேரும் தனியாக நின்றார்கள். ஐரீன் வாய்க்குள் கட்டைவிரலை விட்டுச் செட்டைக் கழற்றினாள். அப்பா, அம்மா, சீனாக்காரர் தவிர வேறு யார் முன்னாலும் அவள் அதைக் கழற்றியதில்லை. கன்னம் உள்ளே விழுந்து, மேலுதடு சுருங்கி, முகம் வேறு யாருடையதோ ஆகிவிட்டது.

"அத்தே வந்ததும் இத அவங்க கையில குடுத்துட்டு எல்லாத்தையும் சொல்லிடறேன் அக்கா. இனிமே யாரும் உன்னை ஒண்ணும் சொல்ல முடியாது" என்றாள், காற்றும் எச்சிலுமாக.

தங்கபுஷ்பம் அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். ஈரமாக, செங்கல் நிறத்தில், பதினாலு பல்லோடு இருந்தது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, வாயிலிருந்த பஞ்சை எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். ரத்தம் கடைவாயில் வழிந்தது.

"மாட்டு" என்றாள்.

"அக்கா..."

"சொல்லாத." வீங்கின உதட்டோடு, ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. "சொன்னா நீ நல்லவளாயிருவ. நான் என்ன ஆவேன்? செஞ்ச பல்லைப் பாத்துட்டு முளைச்ச பல்லைப் புடுங்குன கிறுக்கி. ஊரே சிரிக்கும். அவுக வந்து கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்? உன்னை மாதிரி ஆவணும்னு எடுத்தேன். அது அப்படியே இருக்கட்டும். நீ சாவுற வரைக்கும் முத்துப் பல்லுக்காரியாவே இரு."

ஐரீன் செட்டை மாட்டிக்கொண்டாள். வாசலில் கிழவியின் குரல் கேட்டது. தங்கபுஷ்பம் புதுப் பஞ்சை எடுத்துக் கடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"பாத்தியா புஷ்பவல்லி, அழுதுகினு குந்திகினு கீறா" என்றாள் சிலுவையம்மாள் உள்ளே வந்து. அவள் குரலில்கூட இன்றைக்கு ஒரு கனிவு. "இன்னாத்துக்குடி அழுவுற? மூணு மாசம், அவ்ளோதான். ஏ ஐரீனு, இப்டி இவ எதுக்கால வந்து நில்லு. கொஞ்சம் சிரிச்சிக் காட்டு. எப்படி வரப்போவுதுன்னு பாத்துக்கட்டும்."

ஐரீன் அசையவில்லை. தங்கபுஷ்பம் நிமிர்ந்து பார்த்தாள், சிரிக்கச் சொல்லி மெல்லத் தலையை அசைத்தாள்.

ஐரீன் சிரித்தாள். "அடியம்மா, எத்தினி வாட்டி பாத்தாலும் அலுக்கல" என்றாள் புஷ்பவல்லி. தங்கபுஷ்பம் பஞ்சைக் கடித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் ஒவ்வொரு பல்லாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் போதும் என்று சொல்லுகிற வரைக்கும் ஐரீன் அப்படியே சிரித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.